ஆஸ்பத்திரி முதலில், படிகள் அப்புறம்: குடியை விட வருபவருக்கு ஒரு வழிகாட்டி

மாலை போட்டால் 48 நாள் ஒரு சொட்டுத் தொட மாட்டேன். கன்னிசாமியாகப் போன வருடத்திலிருந்தே அப்படித்தான். மலையிலிருந்து இறங்கி, வீட்டுக்கு வந்து, மாலையைக் கழற்றிய அன்றைக்குச் சாயங்காலமே ஒரு குவார்ட்டர். "நினைத்தால் 48 நாள் நிறுத்துகிறவன் எப்படிக் குடிகாரன் ஆவான்?" என்று வீட்டில் பல வருடம் வாதாடியிருக்கிறேன். அந்த வாதத்தில் இருந்த ஓட்டையைக் காட்டியவர் ஒரு ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். குடியை விட குடிநோயாளிகளே கூடிப் பேசும் ஏ.ஏ. கூட்டத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலி. "நிறுத்துறது உனக்குப் பிரச்சினையே இல்ல தம்பி. நூறு தடவை நிறுத்தியிருக்க. திரும்பத் தொடங்காம இருக்கறதுதான் உனக்கு வரல" என்றார்.

கடைசி வருடம் மாலை போட்ட இரண்டாம் நாளே கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, சாமி கும்பிடத் தீப்பெட்டி உரச முடியாமல் போனது. மாலையைக் கழற்றிவிட்டுக் கடைக்குப் போனேன். அன்றைக்குத்தான் இது பக்தியோ வைராக்கியமோ சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை என்று லேசாகப் புரிந்தது.

நான் டாக்டர் இல்லை, குடிநோயாளி. குடியை விட வேண்டும் என்று இப்போதுதான் யோசிக்கத் தொடங்கியிருக்கும் ஒருவருக்கு, எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்று சொல்வதற்காக இதை எழுதுகிறேன். இந்த வரிசை முக்கியம். நம் ஊரில் பெரும்பாலும் இது தலைகீழாகத்தான் நடக்கிறது: முதலில் சத்தியம், அப்புறம் கோவிலில் கயிறு, அப்புறம் சண்டை, கடைசியில்தான் ஆஸ்பத்திரி.

நோய் என்று ஏன் சொல்கிறோம்

வீட்டில் இதற்கு வைத்திருக்கும் பெயர் கொழுப்பு அல்லது திமிர். மருத்துவம் அப்படிப் பார்ப்பதில்லை. 1930களில் நியூயார்க்கின் டவுன்ஸ் மருத்துவமனையில் குடிநோயாளிகளைப் பார்த்துவந்த டாக்டர் வில்லியம் சில்க்வொர்த் இதை இரண்டாகப் பிரித்துச் சொன்னார். உடம்பில் முதல் கிளாஸ் இறங்கியதும் அடுத்ததைக் கேட்கும் வெறி எழுகிறது. அது எல்லோருக்கும் எழுவதில்லை. அந்த வெறி அடங்கிய பிறகும், மனசு "இந்தத் தடவை ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம்" என்று சொல்லி முதல் கிளாஸுக்குத் திரும்பக் கூட்டிப்போகிறது. அவர் இதை ஒவ்வாமை என்றார். இன்றைய மருத்துவம் அந்த வார்த்தையை ஏற்காது. ஆனால் அவர் வர்ணித்த நடப்பை எந்தக் குடிநோயாளியும் மறுக்க மாட்டான். 1956இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதை நோயாக ஏற்றுக்கொண்டது. இந்தியாவின் 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டமும் குடியாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைப் பாதிப்புகளை மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது.

மூளைக்குள் நடப்பதை எளிதாகச் சொன்னால், சாராயம் மூளைக்குப் பிரேக் போடும் பொருள். தினமும் பிரேக் விழுவதால், வண்டி நிற்காமல் இருக்க மூளை ஆக்ஸிலேட்டரை அழுத்தியே வைத்துக்கொள்ளப் பழகிவிடுகிறது. அதனால்தான் முன்பு ஒரு கட்டிங்கில் ஏறியது இப்போது ஒரு ஆஃப் போட்டாலும் ஏறுவதில்லை. "எவ்வளவு அடிச்சாலும் ஸ்டெடியா நிப்பேன்" என்று பெருமை பேசுவோமே, அது ஒரு நோய் அறிகுறி. திடீரென்று பிரேக்கை எடுத்தால்? அழுத்தி வைத்த ஆக்ஸிலேட்டர் மட்டும் மிச்சம். கை நடுக்கமும் வேர்வையும் வலிப்பும் வருவது அதனால்.

பரம்பரைக்கும் இதில் ஏறக்குறைய பாதிப் பங்கு உண்டு என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் நோய் என்று சொல்வது பழியிலிருந்து தப்பிக்க அல்ல. சர்க்கரை வந்தது என் தப்பில்லை என்றாலும் மாத்திரை போட வேண்டியவன் நான்தானே.

முதலில் ஒரு கணக்கு

நான்கு கேள்விகள். குறைக்க வேண்டும் என்று எப்போதாவது நினைத்தீர்களா? உங்கள் குடியைப் பற்றி யாராவது சொன்னால் எரிச்சல் வந்ததா? குற்ற உணர்ச்சி வந்ததா? காலையில் எழுந்ததும் நடுக்கத்தை நிறுத்தவோ தலைவலியைப் போக்கவோ குடித்தீர்களா? இரண்டுக்கு "ஆம்" என்றாலே டாக்டரைப் பார்ப்பது நல்லது. நான்காவதற்கு "ஆம்" என்றால் அடுத்த பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

இன்னொன்று: குவார்ட்டர் என்பது 180 மி.லி. நம் ஊர் பிராந்தி, ரம், விஸ்கியில் 42.8 சதவீதம் ஆல்கஹால். கணக்குப் போட்டால் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். உலக சுகாதார நிறுவனத்தின் கேள்வித்தாளில் 10 கிராம்தான் ஒரு அளவு. அதாவது "ஒரே ஒரு குவார்ட்டர்தான் டாக்டர்" என்று நாம் சொல்லும்போது அவர் ஆறு என்று எழுதிக்கொள்கிறார். பாதிப் பொய் சொல்லும் நம் பழக்கத்தையும் சேர்த்தால் பன்னிரண்டு.

நிறுத்தும் நாளைத் தனியாகத் தேர்ந்தெடுக்காதீர்கள்

தினமும் குடிப்பவர், அதிலும் காலையில் நடுக்கத்துக்காகக் குடிப்பவர், வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கு ஆபத்து. இது பயமுறுத்தல் இல்லை. கடைசிக் கிளாஸுக்குப் பிறகு 6 மணி நேரத்திலேயே நடுக்கமும் குமட்டலும் தூக்கமின்மையும் தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை சிலருக்குப் புத்தி தடுமாறும்: உடம்பில் பூச்சி ஊர்கிறது என்று தட்டிவிடுவார்கள், இல்லாத ஆளோடு பேசுவார்கள், காய்ச்சல் அடிக்கும். வீட்டில் இதைப் பேய் பிடித்தது என்று நினைத்து மந்திரிக்கக் கூட்டிப்போனவர்களை எனக்குத் தெரியும். அந்த நிலையில் 108ஐக் கூப்பிட வேண்டும். வேறு யோசனையே வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் நடுக்கத்தை அடக்க மாத்திரை கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். கூடவே பி1 வைட்டமின், அதாவது தயமின். இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நம் ஊரில் ஆள் சுருண்டு விழுந்தால் தெருமுனை கிளினிக்கில் "ஒரு குளுக்கோஸ் ஏத்திட்டு" வருவது வழக்கம். சாப்பிடாமல் குடித்தே வந்தவருக்குத் தயமின் இல்லாமல் வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏறினால், நினைவையும் நடையையும் கெடுக்கும் மூளைப் பாதிப்பு வரக்கூடும். அதனால் டாக்டரிடம் குடியைப் பற்றி மறைக்காமல் சொல்லுங்கள். "ரெண்டு நாளா வயிறு சரியில்ல சார்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது; இந்திரா நகரில், 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. எங்கே போவது என்றே தெரியவில்லை என்றால் 14446, போதை மீட்புக்கான தேசிய உதவி எண். மனசு உடைந்து விபரீத யோசனை வருகிறதென்றால் 14416, மனநல உதவி எண்.

தனியார் போதை மீட்பு இல்லங்களில் சேர்ப்பதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள். மனநலச் சட்டத்தின்கீழ் பதிவு இருக்கிறதா, டாக்டர் எத்தனை மணிக்கு வருகிறார், வீட்டார் போய்ப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். நள்ளிரவில் நாலு பேர் வந்து அள்ளிப்போட்டுக்கொண்டு போகும் இடம் என்றால் வேண்டாம். அப்படி ஓர் இடத்தில் நான் 40 நாள் இருந்திருக்கிறேன். பெயர் எதற்கு? அங்கே கற்றுக்கொண்டது சுவர் ஏறுவது மட்டும்தான்.

அப்புறம், "குடிப்பவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்" என்று விளம்பரம் வரும் பொடிகள். அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்பிரம் போன்ற மாத்திரையாக இருந்து, அது தெரியாமல் அவர் குடித்துவிட்டால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கி உயிர்கூடப் போகலாம். அந்த மாத்திரை டாக்டர் சொல்லி, குடிப்பவரே ஒப்புக்கொண்டு போட வேண்டியது. ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்று வேறு மருந்துகளும் உண்டு. வெட்கப்படாமல் கேளுங்கள்.

இரண்டு பேர் பேசியதில் தொடங்கியது

நடுக்கம் அடங்கியதும் டிஸ்சார்ஜ் செய்துவிடுவார்கள். நோய் அங்கே முடிவதில்லை. ஆஸ்பத்திரி உடம்பிலிருந்து சாராயத்தை எடுக்கும். மறுபடி முதல் கிளாஸை எடுக்காமல் இருக்க வேறு ஏற்பாடு வேண்டும். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., வருவது இந்த இடத்தில்.

1935 மே மாதம். பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குச்சந்தைக்காரர் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில் ஒரு வியாபாரப் பேச்சு தோற்றுப்போய் ஹோட்டலில் தனியாக நிற்கிறார். குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு பக்கம் பாரின் சத்தம், இன்னொரு பக்கம் டெலிபோன். இன்னொரு குடிகாரனோடு பேசினால்தான் தான் தப்பிப்போம் என்று தோன்றி, சர்ச்சுகளுக்குப் போன் போடுகிறார். அப்படிப் போய்ச் சேர்ந்த ஆள் டாக்டர் பாப் ஸ்மித், அறுவைச் சிகிச்சை நிபுணர், மொடாக் குடியர். கால் மணி நேரம்தான் என்று சொல்லி உட்கார்ந்தவர் இரவு பதினொன்று தாண்டியும் பேசிக்கொண்டிருந்தார். இடையில் ஒரு தடவை சறுக்கினார். ஜூன் 10 காலை ஆபரேஷன் இருந்தது. கை நடுங்காமல் இருக்க பில்லே ஒரு பீர் வாங்கிக் கொடுத்தார். அதுதான் டாக்டர் பாபின் கடைசிக் குடி. ஏ.ஏ. தன் பிறந்தநாளாக அந்தத் தேதியைத்தான் கொண்டாடுகிறது. குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் பன்னிரண்டு படிகளும் 1939இல் புத்தகமாக வந்தன. இந்தியாவில் 1957இல் தொடங்கியது.

ஒரு குடிநோயாளிக்கு இன்னொரு குடிநோயாளி. வைத்தியம் இவ்வளவுதான். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் 2020 ஆய்வுத் தொகுப்பு, 27 ஆய்வுகளையும் அவற்றில் இருந்த 10,000க்கும் மேற்பட்டவர்களையும் எடுத்துப் பார்த்தது. முழுதாகக் குடிக்காமல் இருப்பதில், ஏ.ஏ.வோடு சேர்த்துவிடும் முறையான பன்னிரண்டு படிச் சிகிச்சை மற்ற வழக்கமான சிகிச்சைகளைவிட நன்றாகவே வேலை செய்கிறது என்றது. எல்லோருக்கும் ஒத்துவரும் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு ஒத்துவந்தது.

முதல் கூட்டம்

இணையத்தில் ஏ.ஏ. என்றும் உங்கள் ஊர்ப் பெயரும் போட்டுத் தேடினால் கூட்ட நேரமும் போன் எண்ணும் கிடைக்கும். பள்ளி வகுப்பறையிலோ சர்ச் வளாகத்திலோ நடக்கும். சர்ச்சில் நடந்தால் மதம் மாற்றுவார்கள் என்று பயப்பட வேண்டாம். இடம் கிடைப்பது அங்கே, அவ்வளவுதான். திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தாரும் வரலாம். மூடிய கூட்டம் நமக்கு மட்டும். வெளிநாட்டில் இருந்தால், அல்லது பெண் என்பதால் ஊருக்குள் போகத் தயக்கமாக இருந்தால், ஆன்லைனில் கூட்டம் கேட்டுப் பாருங்கள்.

கட்டணம் கிடையாது. பதிவேடு கிடையாது. ஆதார் கேட்க மாட்டார்கள். சேர ஒரே தகுதி, குடியை விட வேண்டும் என்ற ஆசை. முடிவில் ஒரு பை சுற்றிவரும். இடத்து வாடகைக்கும் டீக்கும் இருப்பதைப் போடலாம், போடாமலும் இருக்கலாம்.

ஒவ்வொருவராக எழுந்து, "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கித் தன் கதையைச் சொல்வார்கள். குறுக்கே யாரும் பேச மாட்டார்கள், புத்தி சொல்ல மாட்டார்கள். உங்களுக்குப் பேச வரவில்லை என்றால் "கேட்க வந்தேன்" என்று சொல்லி உட்காரலாம். நான் முதல் மூன்று கூட்டம் அப்படித்தான். அங்கே பார்த்ததும் கேட்டதும் வெளியே போகக் கூடாது என்பது கட்டாயம்.

என் முதல் கூட்டத்தில் எனக்கு நினைவிருப்பது டீதான். எல்லோருக்கும் பேப்பர் கப் நிறைய ஊற்றிய ஒருவர், என்னிடம் வந்ததும் கப்பைப் பாதியோடு நிறுத்திவிட்டார். என்னடா இது, புது ஆளுக்குப் பாதி டீயா என்று கோபம் வந்தது. வாங்கும்போதுதான் என் கை ஆடுவதைப் பார்த்தேன். அவர் கதவருகில் நான் நுழையும்போதே பார்த்திருக்கிறார். முழு கப் என்றால் சட்டையில் கொட்டியிருக்கும், நான் எழுந்து போயிருப்பேன்.

குழுவில் சிலர் ஆர்வக்கோளாறில் "மாத்திரையும் ஒரு போதைதான், விட்டுடு" என்பார்கள். மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தொடர்ந்து போடுங்கள். மருத்துவம் பார்ப்பது ஏ.ஏ.வின் வேலை இல்லை.

படிகள்

கூட்டத்துக்கு வருவது மட்டுமே படிகளில் ஏறுவது ஆகாது. அதற்கு ஒரு ஸ்பான்சர் வேண்டும்: உங்களுக்கு முன்னால் படிகளில் ஏறியவர், ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது வழக்கம். யாருடைய பேச்சு உங்களுக்குப் பிடிக்கிறதோ அவரிடமே போய்க் கேளுங்கள். எனக்குக் கண்டக்டர் அண்ணன்.

முதல் படி, சாராயத்தின் முன் எனக்குச் சக்தியில்லை, என் வாழ்க்கை என் கையில் இல்லை என்று ஒப்புக்கொள்வது. ஆண்பிள்ளைத்தனம் என்று வளர்க்கப்பட்டவனுக்கு இது கசக்கும். ஆனால் மல்யுத்தத்தில் தோற்றுவிட்டோம் என்று ஒப்புக்கொண்டால்தான் களத்தைவிட்டு வெளியே வர முடியும். "கன்ட்ரோலா குடிப்பேன்" என்ற எண்ணம் மிச்சமிருக்கும்வரை இந்தப் படி முடியவில்லை என்று அர்த்தம்.

இரண்டும் மூன்றும் நம்மைவிடப் பெரிய ஒரு சக்தி மீட்கும் என்று நம்பி, அதனிடம் ஒப்படைப்பது. இங்கேதான் கடவுள் இல்லை என்னும் கறுப்புச் சட்டைக்காரர்கள் எழுந்து போவார்கள். நானும் கிளம்பினேன், அப்போதெல்லாம் மாலை போடுவதையும் விட்டுவிட்டிருந்தேன். அண்ணன் கேட்டார்: "இந்த ரூம்ல இருக்கற இருபது பேரும் குடிக்காம இருக்காங்க. உன்னால தனியா முடியல. அப்ப இந்த இருபது பேர் உன்னைவிடப் பெரிய சக்திதானே?" எனக்கு அது போதுமாக இருந்தது. படிகளின் வாசகத்திலேயே கடவுள் என்பதற்குப் பக்கத்தில் "நாம் புரிந்துகொண்ட விதத்தில்" என்று இருக்கிறது.

நான்காவது, தன்னைப் பற்றிய கணக்கெடுப்பு. லாங் சைஸ் நோட்டு ஒன்று வாங்குங்கள். பக்கத்தை நான்கு கட்டமாகப் பிரியுங்கள்: யார்மேல் கோபம், எதற்காக, அதனால் என்னில் எது அடிபட்டது, அதில் என் பங்கு என்ன. என் மச்சானைப் பற்றி மட்டும் மூன்று பக்கம் எழுதினேன். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "எல்லாம் சரி, நாலாவது கட்டம் மூணு பக்கத்துக்கும் காலியா இருக்கே" என்றார். அந்தக் கட்டத்தை நிரப்ப ஒன்றரை மாதம் ஆனது. ஐந்தாவது படி, எழுதியதை இன்னொரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்வது. வீட்டாரிடம் வேண்டாம். ஸ்பான்சர் அல்லது மனநல ஆலோசகர் போதும்.

ஆறும் ஏழும் அந்தக் குறைகளை விடத் தயாராகி, பணிவோடு கேட்பது. சின்ன வாக்கியங்கள்; வாழ்நாள் வேலை.

எட்டு, யாருக்கெல்லாம் தீங்கு செய்தேன் என்று பட்டியல். ஒன்பது, அதை நேரில் சரிசெய்வது, அவருக்கோ பிறருக்கோ மேலும் காயம் வராது என்றால் மட்டும். மன்னிப்புக் கேட்பதும் சரிசெய்வதும் ஒன்றல்ல. என் வீட்டில் "ஸாரி" என்ற வார்த்தை செல்லாக்காசு. அத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அதனால் பேச்சை விட்டுவிட்டு, மாதாமாதம் கட்டி, அடகுக் கடையில் இருந்த மனைவியின் தோட்டை மீட்டு வந்து கொடுத்தேன். வாங்கித் திருகாணி சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். பீரோவில் வைத்துப் பூட்டினாள். ஒன்றும் சொல்லவில்லை. சாவியை மட்டும் பழையபடி ஆணியில் மாட்டினாள். பல வருடமாக அதை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தவள்.

பத்தாவது, இந்தக் கணக்கைத் தினமும் பார்ப்பது. பதினொன்று, பிரார்த்தனையும் தியானமும், அவரவர் வழியில். பன்னிரண்டு, கிடைத்ததை அடுத்த குடிநோயாளிக்குக் கொண்டுபோவது. முதல் மாதமே ஊரைத் திருத்தக் கிளம்பாதீர்கள். டீ டம்ளர் கழுவுவதில் தொடங்கலாம்.

முதல் 90 நாள்

முடிந்தவரை தினமும் ஒரு கூட்டம். "இனி வாழ்நாள் முழுக்கக் குடிக்க மாட்டேன்" என்று சொல்லாதீர்கள், தலை சுற்றும். இன்று ஒரு நாள் மட்டும். கடை திறக்கும் மதியம் 12 மணிக்கும், வேலை முடியும் நேரத்துக்கும் ஒரு போன் எண் கையில் இருக்கட்டும். பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்குக் கடை வழியாகப் போகும் பாதையை மாற்றுங்கள், பத்து நிமிடம் கூடுதலானாலும் சரி. சம்பளம் கொஞ்ச நாளைக்கு வேறு கையில் இருக்கட்டும்.

பசி, கோபம், தனிமை, களைப்பு. ஆசை கிளம்பும்போது இந்த நான்கில் எது என்று பாருங்கள். எனக்குப் பத்துக்கு ஏழு தடவை வெறும் பசி. பையில் கடலை மிட்டாய் வைத்திருப்பேன். தூக்கம் சில வாரங்கள் சரியாக வராது. அதுவும் நோயின் வால்தான், போய்விடும். கெடா வெட்டு, சாவு வீடு, கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி, இவற்றுக்கு முதல் வருடம் தலையைக் காட்டிவிட்டு வந்தால் போதும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

போதையில் இருக்கும்போது வாதம் செய்யாதீர்கள். "அவருக்குக் காய்ச்சல்" என்று ஆபீஸுக்குப் போன் செய்யாதீர்கள். கடன்காரருக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள். அடி விழுந்தால் நோய் என்று பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை, பெண்களுக்கான உதவி எண் 181ஐக் கூப்பிடலாம். அவர் வருகிறாரோ இல்லையோ, நீங்கள் போக, குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்று ஒரு குழு இருக்கிறது. பில்லின் மனைவி லோயிஸ் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து 1951இல் தொடங்கியது. என் மனைவி எனக்கு எட்டு மாதம் முன்னாலேயே அங்கே போகத் தொடங்கிவிட்டாள். அவள் எனக்காகப் பொய் சொல்வதை நிறுத்திய பிறகுதான் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

சறுக்கினால்

பலர் சறுக்குவார்கள். நானும் பதினோராம் மாதத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் சறுக்கினேன். ஒரே ஒரு கிளாஸ்தான் என்றால் அன்றைக்கே ஸ்பான்சருக்குப் போன். நாலைந்து நாள் தொடர்ந்துவிட்டது என்றால் வீட்டில் தனியாக நிறுத்த முயலாதீர்கள். நடுக்கமும் வலிப்பும் முன்பைவிட மோசமாக வரக்கூடும், மறுபடி ஆஸ்பத்திரிதான். முன்பு தாங்கிய அளவை இப்போது உடம்பு தாங்காது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அப்புறம், கூட்டத்துக்குப் போங்கள். குடித்த வாடை இருந்தாலும் போங்கள். யாரும் துரத்த மாட்டார்கள்; அன்றைக்குப் பேசாமல் உட்கார்ந்து கேட்கச் சொல்வார்கள். எத்தனை நாள் என்று கேட்டால் ஒன்று என்று சொல்லுங்கள்.